எலுமிச்சையை விடச் சொல்கிறார்கள், சீஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை: சிறுநீரகத்துக்கு எது அமிலம்?

மழைக்கால நத்தை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 48, ஆண், எடை 82 கிலோ. பத்து வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை. அம்மாவுக்குக் கடைசி மூன்று வருடம் டயாலிசிஸ், நான்தான் கூட உட்கார்ந்திருப்பேன், அதனால் சிறுநீரகம் என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3, இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 68. சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 48, அது 30-க்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் "ஆரம்பம்தான், பயப்படாதீங்க, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைங்க, உப்பைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சு திரும்பப் பார்ப்போம்" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். என்ன சாப்பிடலாம் என்று கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

இதற்கு நடுவில் பெரியப்பா மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், எனக்கு உணவு ஆலோசகராக மாறிவிட்டார். எலுமிச்சை, தக்காளி, ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்து, புளிப்பு என்றால் அமிலம், அமிலம் சிறுநீரகத்தை அரித்துவிடும் என்கிறார். நானும் ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். ஆனால் போன வாரம் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. அதில் எலுமிச்சை "காரம்" (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) பக்கத்திலும் சீஸும் முட்டையும் "அமிலம்" பக்கத்திலும் இருக்கின்றன. நாக்கில் வைத்தால் எலுமிச்சை கூசுகிறது, சீஸ் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. பட்டியல் போட்டவருக்குப் பைத்தியமா, எனக்கா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எடை குறைக்க எட்டு மாதமாக மாவுச்சத்தைக் குறைத்து, இறைச்சி, முட்டை, சீஸ், புரதப் பொடி என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு 150 கிராம் புரதம் வரும். பழம் கிட்டத்தட்ட இல்லை. ஏழு கிலோ குறைந்தது, அதில் சந்தோஷம்தான். ஆனால் பயத்தில் சிறுநீர் பிஹெச் பார்க்கும் பட்டை வாங்கிக் காலையில் நனைத்துப் பார்த்தால் 5.5 காட்டுகிறது. இது அமிலம்தானே? என் ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறதா?

நீலக்குடை:

அண்ணன் சொன்னது சரிதான் நண்பரே. உடம்பு காரமாக இருந்தால் எந்த நோயும் அண்டாது. நான் இரண்டு வருடமாக பிஹெச் 9.5 தண்ணீர்தான் குடிக்கிறேன், கூடவே காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. பட்டையில் 7.5-க்கு ஏறிவிடும், முயற்சி செய்து பாருங்கள்.

அரைத்தட்டு:

நீலக்குடை, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதை ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்குச் சொல்லாதீர்கள். ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் வைத்த அளவே 2,000-க்குள். உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நாம் வேறு பெயரில் அள்ளிப் போட்டால் எப்படி? காரத் தண்ணீர் விஷயம், அது வயிற்றுக்குள் இறங்கியதும் அங்கே இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்து காணாமல் போய்விடும். காசு மட்டும்தான் நஷ்டம், அதனால் அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

நத்தை, நான் சிறுநீரகப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன், 14 வருடம். உங்கள் அண்ணன் மாதிரி நினைப்பவர்கள்தான் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாக்கு பார்ப்பது உணவு உள்ளே போகும் முன் இருக்கும் நிலையை. சிறுநீரகத்துக்கு வந்து சேருவது அது எரிந்து முடிந்த பிறகு மிஞ்சும் சாம்பல். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தை உடம்பு எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியே விட்டுவிடும். அதோடு பொட்டாசியம் சிட்ரேட்டாக வருவது எரியும்போது பின்னால் பைகார்பனேட்டை விட்டுப்போகிறது, அது காரம். இறைச்சி, முட்டை, சீஸில் புளிப்பே இல்லை, ஆனால் அவற்றின் புரதத்தில் மெத்தியோனின், சிஸ்டீன் என்று கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவை எரிந்தால் கிடைப்பது சல்ஃப்யூரிக் அமிலம். அதை மூச்சில் விட முடியாது, சிறுநீரில்தான் தள்ள வேண்டும்.

இதற்குக் கணக்கே இருக்கிறது. 1995-இல் ஜெர்மனியில் தாமஸ் ரெமர், ஃப்ரீட்ரிக் மான்ஸ் என்ற இருவர், 100 கிராம் உணவு சிறுநீரகத்துக்கு எவ்வளவு அமிலச் சுமை கொடுக்கும் என்று பட்டியல் போட்டார்கள். பிரால் என்பார்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக அதன் ஏதோ ஒரு பிரதியாக இருக்கும். பார்மேசான் சீஸ் 34, முட்டை மஞ்சள் கரு 23, கோழிக்கறி சுமார் 9, பால் ஒன்றுக்கும் கீழே. மறுபக்கம் எலுமிச்சைச் சாறு மைனஸ் 2.5, வாழைப்பழம் மைனஸ் 5.5, பசலைக்கீரை மைனஸ் 14, உலர்திராட்சை மைனஸ் 21. மைனஸ் என்றால் காரம் கொடுக்கிறது. ஆக, ஒரு மாதமாக நீங்கள் நிறுத்தி வைத்திருப்பது காரத்தை, விடாமல் சாப்பிடுவது அமிலத்தை. பட்டியல் போட்டவருக்குப் பைத்தியம் இல்லை.

ரத்தம் அமிலமாகிறதா என்றால், இல்லை. ரத்தத்தின் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் இருக்கும், நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீங்கள் என்ன சாப்பிட்டாலும் அந்த எண் சட்டென்று அசையாது. ஆனால் அதை அசையாமல் வைத்திருக்கச் சிறுநீரகம் ஒரு கூலி கொடுக்கிறது, விஷயமே அங்கேதான்.

அமிலத்தைப் பெரும்பாலும் அம்மோனியாவோடு சேர்த்துத்தான் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. சிறுநீரகத்தின் குட்டி வடிகட்டிகளான நெஃப்ரான்கள் முழு எண்ணிக்கையில் இருந்தால் இது பெரிய வேலை இல்லை. அழுத்தமோ சர்க்கரையோ பாதியைக் கெடுத்துவிட்டால் மீதிப் பாதி இரண்டு ஆள் வேலையைச் செய்ய வேண்டும், ஒவ்வொரு நெஃப்ரானும் கூடுதலாக அம்மோனியா தயாரிக்க வேண்டும். அந்த அம்மோனியா திசுவில் தேங்கி, காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களைத் தூண்டிவிடுகிறது, அழற்சி வருகிறது. கூடவே எண்டோதீலின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களும் ஏறுகின்றன. இவை அமிலத்தை வெளியேற்ற அந்த நேரத்துக்கு உதவும், வருடக்கணக்கில் நீடித்தால் திசுவைத் தழும்பாக்கும். ரிப்போர்ட்டில் பைகார்பனேட் 24 என்று அழகாக இருக்கும்போதே இது உள்ளே நடக்கலாம். அதனால்தான் ஆரோக்கியமான இருபது வயதுக்காரருக்கு நான் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, உங்களைப் போல விளிம்பில் இருப்பவருக்குச் சொல்கிறேன்.

காலைச் சிறுநீரில் 5.5 இயல்பு. 4.5-இலிருந்து 8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அமிலம் வெளியே போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம், உள்ளே சேருகிறது என்று இல்லை. பட்டையைத் தூக்கிப் போடுங்கள். எலுமிச்சையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அப்புறம் அந்த 150 கிராம் புரதத்தைப் பற்றிப் பேசலாம். உங்கள் பொட்டாசியம் எவ்வளவு, என்ன மாத்திரை என்று சொல்லுங்கள், அது தெரியாமல் பழம் சாப்பிடுங்கள் என்று நான் எழுத மாட்டேன்.

கடைசிப்படி:

அரைத்தட்டு கடைசியில் கேட்ட கேள்வியை முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும் என்பது என் வருத்தம். ஏன் என்று சொல்கிறேன்.

என் இஜிஎஃப்ஆர் 34. லோசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு விவாதத்தைப் படித்துவிட்டு, ஆகா, பழமும் காய்கறியும்தான் மருந்து என்று ஒரே மூச்சில் இறங்கினேன். காலையில் கீரைச் சாறு பெரிய டம்ளரில், பதினோரு மணிக்கு இரண்டு வாழைப்பழம், மாலையில் ஆரஞ்சுச் சாறு, வாயில் போட உலர்ந்த ஆப்ரிகாட். இத்தனையும் போதாதென்று சோடியம் குறைவான உப்பு என்று ஒன்று வாங்கினேன். சோடியத்துக்குப் பதில் அதில் இருந்தது பொட்டாசியம் குளோரைடு, பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது, நான் கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறேன். ஐந்து வாரம். உடம்பு லேசானது மாதிரி இருந்தது, எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ராத்திரி ஒன்பதரைக்குப் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன். அவர்கள் எப்போதும் குறுஞ்செய்திதான் அனுப்புவார்கள். "அம்மா, நீங்க இப்ப எப்படி இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் அந்தப் பையன். பொட்டாசியம் 6.1. அரை மணி நேரத்தில் அவசரப் பிரிவில் மார்பில் ஒயர்களோடு படுத்திருந்தேன். எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. காலில் கொஞ்சம் அசதி, அதை வயது என்று நினைத்தேன். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் செய்யும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. லோசார்டன், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு நல்லது செய்பவைதான், ஆனால் பொட்டாசியத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

பழமும் காயும் இப்போதும் சாப்பிடுகிறேன், விட்டுவிடவில்லை. ஆப்பிள், பெர்ரி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் மாதிரி பொட்டாசியம் குறைந்தவை. சாறு கிடையாது, முழுப் பழம்தான். உருளைக்கிழங்கு ஆசை வந்தால் தோல் சீவிச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளும்பத் தளும்ப வைத்து வேக விட்டு, அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுவேன். கொட்டும் தண்ணீர் மங்கலாக, மாவு மிதக்க இருக்கும், அதோடு பொட்டாசியத்தில் ஒரு நல்ல பங்கு போய்விடும். ருசியும் கொஞ்சம் போகும்தான். நட்சத்திரப் பழம் மட்டும் தொடவே கூடாது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையைப் பாதிக்கும் நஞ்சு, உயிரே போயிருக்கிறது.

மழைக்கால நத்தை:

அக்கா, படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சாதாரண உப்புதான், நிம்மதி.

அரைத்தட்டு சார், பொட்டாசியம் 4.3. மாத்திரை டெல்மிசார்டன் 40, கூட அம்லோடிபின் 5. பைகார்பனேட் ரிப்போர்ட்டில் தேடினேன், காணவில்லை. புரதத்தைக் குறைத்தால் எடை திரும்ப ஏறிவிடுமோ என்று பயம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சந்தேகப்பிராணி:

எல்லோரும் ரொம்ப உறுதியாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறேன். அமிலச் சுமை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற கதை கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கு மாற்றாகக் காரம் கொடுத்துப் பார்த்த சோதனைகள் ஒரே பக்கம் பேசவில்லை. 2009-இல் பிரிட்டனில் 134 பேரை வைத்து நடந்த சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடாவில் இருப்பதுதான்) சோதனையில் நல்ல பலன். 2020-இல் அதே நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்ட 300 பேரிடம் பார்த்தபோது பலனே இல்லை. வயிற்றிலேயே அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் வெவெரிமர் என்ற மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதில் அதுவும் தோற்றது. சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் வழிகாட்டுதல் 2012-இல் பைகார்பனேட் 22-க்குக் கீழே போனாலே மருந்து என்றது, 2024-இல் 18-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள மருந்தை யோசியுங்கள் என்று இறங்கி வந்துவிட்டது. பழம் காய்கறிச் சோதனைகளில் முக்கியமானவை பெரும்பாலும் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரே குழு செய்தவை, நிம்ரித் கொராயா, டொனால்ட் வெஸன் என்ற மருத்துவர்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் சின்னச் சின்னச் சோதனைகள்.

நத்தைக்கு நான் சொல்வது, அல்புமின் 48 என்றால் முதல் வேலை அழுத்தம், இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது உப்பு. சர்க்கரைக்கு வந்து இப்போது சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுக்கப்படும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரைக் கேளுங்கள், அதற்கு இருக்கும் ஆதாரம் எலுமிச்சைக்கு இல்லை.

அரைத்தட்டு:

சந்தேகப்பிராணி சொன்ன வரிசையில் எனக்குச் சண்டை இல்லை. மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டுக் கீரையைப் பிடித்துக்கொள்பவர்களை நானும் திட்டித்தான் அனுப்புகிறேன். ஆனால் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதே டெக்சாஸ் குழு உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரில் நிறைய அல்புமினும் இருந்த 153 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2024-இல் வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு தினமும் கூடுதலாகப் பழமும் காயும், ஒரு பிரிவுக்கு சோடியம் பைகார்பனேட் மாத்திரை, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சிறுநீரகச் சரிவு இரண்டு பிரிவிலும் மெதுவானது. ரத்த அழுத்தமும் இதய ஆபத்தும் குறைந்தது பழம் காய்கறிப் பிரிவில்தான், மாத்திரையில் இல்லை. சின்னச் சோதனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இஜிஎஃப்ஆர் 68, பொட்டாசியம் 4.3 உள்ளவருக்கு இரண்டு கப் காய்கறி கூடுதலாகச் சாப்பிடுவதில் இழக்க என்ன இருக்கிறது?

நத்தை, உங்கள் தட்டையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாளின் மொத்த அமிலச் சுமையைக் கணக்கிட 1998-இல் லிண்டா ஃப்ராசெட்டோ குழு கொடுத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ஒரு நாள் புரதத்தைக் கிராமில் எடுத்து 54.5-ஆல் பெருக்கி, பொட்டாசியத்தை மில்லி ஈக்விவலன்டில் எடுத்து அதனால் வகுத்து, 10.2-ஐக் கழிக்க வேண்டும். உங்களுடையது 150 கிராம் புரதம். பழம் இல்லாததால் பொட்டாசியம் 50 என்று வைத்துக்கொள்கிறேன். விடை 153. இப்போது புரதத்தை 70-க்கு இறக்கி, காய்கறி பழத்தால் பொட்டாசியத்தை 90-க்கு ஏற்றினால் 32. ஐந்தில் ஒரு பங்கு. சூத்திரம் தோராயமானது, எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள், திசையைப் பாருங்கள். புரதமும் பொட்டாசியமும் சேர்ந்து மாறினால்தான் இவ்வளவு இறங்கும், எலுமிச்சையை மட்டும் பிழிந்துகொண்டிருந்தால் இறங்காது.

70 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் மூன்றாம் கட்டத்திலிருந்து (இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே) ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் என்பது கேடிகோ சொல்வது, உங்களுக்கு 66 வரும். முற்றிப்போகும் வாய்ப்பு உள்ளவர்கள் 1.3-ஐத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது, உங்களுக்கு அது 107. நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை, ஆனால் 150 எந்தக் கணக்கிலும் அதிகம். ஒரே நாளில் வெட்ட வேண்டாம். முதலில் புரதப் பொடியை நிறுத்துங்கள், அடுத்து சீஸ், அப்புறம் இறைச்சியில் பாதியைப் பருப்புக்கும் பயறுக்கும் மாற்றுங்கள். எடை ஏறும் என்ற பயம் வேண்டாம், காய்கறியால் யாரும் குண்டானதாக நான் பார்த்ததில்லை. பதப்படுத்திய இறைச்சி சாப்பிடுவீர்களா? உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தது போல அதையும் திருப்பிப் பாருங்கள். பொருட்கள் பட்டியலில் பாஸ்பேட் என்று முடியும் எதுவாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள், சேர்க்கையாகப் போடும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் ஏறிவிடும், பருப்பில் இருப்பது பாதிகூட ஏறாது. கோலா பானத்தின் பாஸ்பாரிக் அமிலமும் இதே கணக்குதான்.

டெல்மிசார்டன் சாப்பிடுவதால், உணவை மாற்றி மூன்று நான்கு வாரத்தில் பொட்டாசியத்தை ஒருமுறை பாருங்கள். அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

மழைக்கால நத்தை:

பைகார்பனேட் கிடைத்துவிட்டது. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் மொத்த கார்பன் டை ஆக்சைடு என்ற பெயரில் ஒளிந்திருந்தது, 23. அண்ணனுக்கு இந்த விவாதத்தை அனுப்பினேன், படித்துவிட்டு "சரி, எலுமிச்சை ஓகே, தக்காளி?" என்று கேட்கிறார்.

அரைத்தட்டு:

தக்காளி மைனஸ் 3. அதுவும் காரம் பக்கம்தான். பயத்தை விட்டுவிடச் சொல்லுங்கள் அவரை.

கடைசிப்படி:

நத்தை தம்பி, மூன்று மாதப் பரிசோதனைக்கு முந்தின நாள் இறைச்சி வேண்டாம், வேகவைத்த இறைச்சி கிரியாட்டினினைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும். அன்றைக்குக் கடுமையான உடற்பயிற்சியும் வேண்டாம், அல்புமின் எகிறிவிடும். நான் இரண்டையும் செய்துவிட்டுப் போய் ஒரு வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.